வாரிக்கில் இல்லாத வாரிக் பல்கலைக்கழகம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாரிக் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. ஏவன் ஆற்றங்கரையில் பழைய கோட்டை, அதைப் பார்க்க வரும் கூட்டம், கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் தேநீர்க் கடைகள். அந்த ஊரில் போய் வாரிக் பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால் வடக்கே கை காட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி, கவென்ட்ரி என்ற தொழில் நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது அது. நிலத்தைக் கவென்ட்ரி மாநகராட்சியும் வாரிக்‌ஷையர் மாவட்ட மன்றமும் சேர்ந்து கொடுத்தன. இரண்டின் எல்லைக்கோடும் வளாகத்துக்குள்ளேயே ஓடுகிறது. பெயர் மட்டும் வாரிக்கின் பங்குக்குப் போய்விட்டது.

கவென்ட்ரி நகரின் மையத்தில் வேறொரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பெயர் கவென்ட்ரி பல்கலைக்கழகம். இரண்டையும் 'நவீனப் பல்கலைக்கழகம்' என்றே விளம்பரங்கள் சொல்லும். இரண்டின் கையேட்டிலும் கண்ணாடிக் கட்டடமும் சிரிக்கும் மாணவர்களும் இருப்பார்கள். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காகப் பிறந்தவை. அந்தப் பிறப்புக் கதை இன்றைக்கும் வகுப்பறையில், கட்டணத்தில், வேலைவாய்ப்பில் தெரிகிறது. இங்கிலாந்துக்குப் படிக்கப் போக நினைப்பவர்கள் தரவரிசைப் பட்டியலைப் புரட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தில் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். 1820களிலும் 30களிலும்தான் லண்டனும் டர்ஹமும் சேர்ந்தன. லண்டன் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாக வளர்ந்தது. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் அந்த லண்டன் அச்சில் வார்த்தது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் மாணவர்களை லண்டன் பட்டத்துக்கே தயார் செய்தது. இங்கிலாந்திலும் நாட்டிங்ஹாம், சவுத்தாம்ப்டன், லெஸ்டர் போன்ற ஊர்களின் கல்லூரிகள் பல்லாண்டுகள் லண்டன் தேர்வுக்குத்தான் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. பர்மிங்ஹாம், மான்செஸ்டர், லீட்ஸ் முதலிய தொழில் நகரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொந்தப் பல்கலைக்கழகம் பெற்றன. கட்டடங்களின் நிறத்தை வைத்து அவற்றுக்குச் 'சிவப்புச் செங்கல்' என்று பெயர் விழுந்தது.

1960களில் வந்தது அடுத்த அலை. சசெக்ஸ் 1961, யார்க்கும் ஈஸ்ட் ஆங்க்லியாவும் 1963, எசெக்ஸ், லங்காஸ்டர், கென்ட், வாரிக். இவற்றைக் 'கண்ணாடிப் பலகை' பல்கலைக்கழகங்கள் என்பார்கள். கான்கிரீட்டும் பெரிய பெரிய கண்ணாடிகளும் கட்டடக் கலையில் கோலோச்சிய காலம் அது. எல்லாமே ஊருக்கு வெளியே, வயல்வெளியில், பெரிய வளாகமாக எழுந்தன. முந்தைய தலைமுறைக் கல்லூரிகளைப் போல இவை லண்டனின் நிழலில் காத்திருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே சொந்தப் பாடத்திட்டம், சொந்தத் தேர்வு, சொந்தப் பட்டம். எந்தப் பாடத்தை எப்படிச் சேர்த்துக் கற்பிப்பது என்று புதிதாக யோசிக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. தகுதியும் திறமையும் உள்ள எல்லோருக்கும் உயர்கல்வியில் இடம் வேண்டும் என்று 1963இல் ராபின்ஸ் குழு சொன்னதைப் பலர் இந்தப் பல்கலைக்கழகங்களுக்குக் காரணமாகக் காட்டுவார்கள். உண்மையில் குழு அறிக்கை வரும் முன்பே இந்த ஏழுக்கும் முடிவு எடுத்தாகிவிட்டது. போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் பள்ளி முடிக்கும் வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

கவென்ட்ரிக்கு இதில் தனிக் கதை உண்டு. அது மிதிவண்டி, கார், விமான இயந்திரம் செய்த நகரம். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் பல மணி நேரம் குண்டு போட்டன. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடுக்காலப் பேராலயம் சுவர்களை மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. போருக்குப் பின் நகரம் வேகமாக எழுந்தது. சிதிலத்தை அப்படியே நிறுத்திவைத்துப் பக்கத்தில் பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த புதுப் பேராலயம் 1962இல் திறக்கப்பட்டது. கார் ஆலைகளில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சாபிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். இவ்வளவு இருந்தும் ஊரில் பல்கலைக்கழகம் இல்லை. உள்ளூர்த் தொழிலதிபர்கள் அதைக் கேட்டார்கள். ரூட்ஸ் கார் நிறுவனத்தின் தலைவர் ரூட்ஸ் பிரபுதான் முயற்சிக்கு முன்னின்றவர். முதல் வேந்தராக அவரையே தீர்மானித்திருந்தார்கள். பல்கலைக்கழகம் திறக்கும் முன், 1964 இறுதியில் அவர் இறந்துவிட்டார். முதலாண்டு மாணவர்கள் தங்கும் பெரிய விடுதிக்கு இன்றும் அவர் பெயர்.

அவருக்குப் பதிலாக வேந்தரானவரை நம் வரலாற்றுப் பாடநூலில் படித்திருக்கிறோம். சிரில் ராட்க்ளிஃப். 1947இல் சில வாரங்களில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்துக் கோடு போட்ட அதே வழக்கறிஞர். 1965 முதல் 1977 வரை அவர் வாரிக்கின் வேந்தர். இங்கிலாந்தில் வேந்தர் பதவி பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவுக்கானது. நிர்வாகம் துணைவேந்தர் கையில். வாரிக்கின் முதல் துணைவேந்தர் ஜாக் பட்டர்வொர்த், ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த சட்ட அறிஞர். தொழில்துறையோடு கைகோர்த்து நடக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் அவர் வெளிப்படையாகவே உறுதியாக இருந்தார். ஒவ்வொரு துறைக்கும் ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்து, துறையைக் கட்டும் பொறுப்பை அவரிடமே விட்டார். கணிதத்துக்குக் கிறிஸ்டோஃபர் ஸீமன் வந்தார். பெயரே இல்லாத ஒரு புதுப் பல்கலைக்கழகத்துக்கு உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்களை வரவழைத்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு கணிதப் பிரிவை மையமாக வைத்துக் கருத்தரங்குகள் நடத்தினார். அந்த வழக்கம் நிலைத்தது. 2014இல் மார்ட்டின் ஹைரர், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றபோது வாரிக்கில்தான் பேராசிரியராக இருந்தார். பழைய பெயர் இல்லாமலேயே ஒரு துறை ஐம்பதே ஆண்டுகளில் எங்கே போக முடியும் என்பதற்கு இது போதும்.

வெள்ளை ஓடுகள் பதித்த கட்டடங்கள் எழுந்தன. படத்தில் அழகாகத்தான் இருந்தன. சில ஆண்டுகளிலேயே ஓடுகள் கழன்று விழத் தொடங்கின.

1970 பிப்ரவரியில் மாணவர்கள் தங்கள் சங்கக் கட்டடம் தொடர்பான சண்டையில் நிர்வாக அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். அங்கே கோப்புகளைப் புரட்டியவர்களுக்கு அதிர்ச்சி. மாணவர்களின், ஆசிரியர்களின் அரசியல் ஈடுபாடுகள் பற்றிய குறிப்புகள் அவற்றில் இருந்தன. கற்பிக்க வந்திருந்த அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் ஒருவர் உள்ளூர்த் தொழிற்கட்சிக் கூட்டத்தில் பேசியதை, ரூட்ஸ் கார் நிறுவனத்தின் சட்டப் பிரிவு ஆள் வந்து கேட்டு எழுதிக் கொடுத்த அறிக்கையும் இருந்தது. வாரிக்கில் சமூக வரலாற்று மையத்தை நிறுவிய ஈ. பி. தாம்ப்சன் இந்த விவகாரத்தை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். இது பல்கலைக்கழகமா, முதலாளிகளுக்குச் சேவை செய்யும் கம்பெனியா என்று கேட்டார். அடுத்த ஆண்டு வேலையை விட்டுப் போனார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தாம்ப்சன் குற்றமாகச் சொன்ன அதே குணம்தான் பத்தாண்டுகள் கழித்து வாரிக்கைக் காப்பாற்றியது. 1981இல் தாட்சர் அரசு பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தை வெட்டியது. மற்றவர்கள் துறைகளை மூடிக்கொண்டிருந்தபோது வாரிக் வெட்டுப்பட்ட தொகையில் பாதியைச் சிக்கனத்தால் ஈடுகட்டி, மீதிப் பாதியைத் தானே சம்பாதிப்பது என்று முடிவெடுத்தது. மாநாட்டு மண்டபங்களை வாடகைக்கு விட்டார்கள். நிர்வாகிகளுக்குக் குறுகிய காலப் படிப்புகள் நடத்தினார்கள். 1984இல் கவென்ட்ரி மாநகராட்சியோடு சேர்ந்து அறிவியல் பூங்கா திறந்தார்கள். அதற்கு முன்பே, 1980இல், குமார் பட்டாச்சார்யா வந்திருந்தார். கரக்பூர் ஐஐடியில் படித்து, பர்மிங்ஹாமில் லூகாஸ் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற பொறியாளர். அவர் நிறுவிய வாரிக் உற்பத்தித் தொழில்நுட்பக் குழு, ஆலைகளில் உள்ள சிக்கலை எடுத்துக்கொண்டு வந்து ஆய்வு செய்து, தீர்வோடு திருப்பி அனுப்பும் இடமாக வளர்ந்தது. மாணவர்கள் அதை மூன்றெழுத்தில் 'டபிள்யூஎம்ஜி' என்பார்கள். 2008இல் டாடா குழுமம் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியதில் பட்டாச்சார்யாவின் பங்கு பெரிது. 2019இல் அவர் மறைந்தார். வளாகத்தில் உள்ள தேசிய வாகனப் புத்தாக்க மையத்தின் கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் இந்தியப் பொறியியல் பட்டதாரிகள் முதுகலைக்குத் தேடிப் போகும் இடங்களில் இது முக்கியமானது. அவர்களில் எத்தனை பேருக்கு 1970ஆம் ஆண்டுக் கோப்புகள் தெரியும் என்று சில நேரம் நினைப்பதுண்டு.

இனி நகர மையத்துக்கு வருவோம். கவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் வேர் 1843இல் தொடங்கிய வடிவமைப்புப் பள்ளியில் இருக்கிறது. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியும் கலைக் கல்லூரியும் சேர்ந்து 1970இல் லான்செஸ்டர் பாலிடெக்னிக் ஆனது. ஃபிரெடரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தின் முதல் தலைமுறைக் கார் வடிவமைப்பாளர்களில் ஒருவர். நம் ஊரில் பாலிடெக்னிக் என்றால் பத்தாம் வகுப்புக்குப் பின் படிக்கும் டிப்ளமா. அங்கே அது பட்டப் படிப்பும் நடத்திய உயர்கல்வி நிறுவனம். பட்டத்தை மட்டும் ஒரு தேசிய மன்றம் வழங்கும். ஆராய்ச்சியைவிடத் தொழிலுக்கு ஆள் தயாரிப்பது அதன் வேலை. பகுதி நேர மாணவர்கள், ஆலையில் வேலை செய்துகொண்டே படிப்பவர்கள், நடுவில் ஓராண்டு நிறுவனத்தில் பயிற்சி பெறும் 'சாண்ட்விச்' படிப்பு எல்லாம் அங்கேதான் வேரூன்றின. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பாலிடெக்னிக்குகளைப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. ஒரே ஆண்டில் நாட்டின் பல்கலைக்கழக எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. இன்றும் அவற்றை '92க்குப் பிந்தையவை' என்று சற்று இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு.

இந்த இளக்காரத்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். கார் வடிவமைப்பு படிக்க விரும்புபவருக்குக் கவென்ட்ரிதான் உலகம் அறிந்த முகவரி. வாரிக்கில் அந்தப் படிப்பே இல்லை. செவிலியர், பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கும் அப்படித்தான். இதே பாலிடெக்னிக்கின் கலைப்பிரிவில் படித்த ஜெர்ரி டாமர்ஸ், கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து வாசித்த 'தி ஸ்பெஷல்ஸ்' இசைக்குழுவைத் தொடங்கி, 1970களின் இறுதியில் நாட்டையே ஆட வைத்தார். கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

தரவரிசைப் பட்டியல்கள் எதை அளக்கின்றன என்று பார்த்தால் குழப்பம் தீரும். உலகப் பட்டியல்களில் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் கல்வியாளர்களிடையே உள்ள பெயருக்கும் எடை அதிகம். வாரிக் ஆய்வுக்கென்றே கட்டப்பட்டது. ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரசல் குழுவில் உறுப்பு. அந்த அளவுகோலில் முன்னே நிற்பது இயல்பு. ஒரு பேராசிரியர் எழுதும் கட்டுரைகளுக்கும் அவர் உங்கள் செயல்திட்டத்தை எவ்வளவு கவனமாகத் திருத்துவார் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உள்நாட்டு நாளிதழ்கள் வெளியிடும் பட்டியல்களில் மாணவர் திருப்தியும் ஆசிரியர் விகிதமும் சேரும். அதனால்தான் ஒரே பல்கலைக்கழகம் ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருக்கிறது. பட்டியலைப் பார்ப்பதானால் பாடத்துக்கான பட்டியலைப் பாருங்கள். அதைவிட நல்லது, அந்தப் படிப்பின் பாடத் தொகுதிகளைத் துறையின் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் படிப்பது.

படிப்பு நடக்கும் விதம் நம் பிள்ளைகளுக்கு முதலில் திகைப்பைத் தரும். இளங்கலை மூன்று ஆண்டு. முதல் நாளிலிருந்தே எடுத்த பாடம் மட்டும். மொழித்தாள், பொதுத்தாள் என்று எதுவும் கிடையாது. கணிதம் எடுத்தவர் பெரும்பாலும் கணிதமே படிப்பார். பொதுவான வினாத்தாளோ இணைப்புக் கல்லூரியோ இல்லை. பாடம் நடத்துபவரே வினாத்தாள் தயாரித்து அவரே திருத்துவார். பெயருக்குப் பதிலாக எண்தான் தாளில் இருக்கும். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளித் தேர்வாளர் தரம் சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பார். டர்ஹம் தொடங்கிய காலத்தில் ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்த வழக்கத்தின் தொடர்ச்சி இது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மதிப்பெண். 70க்கு மேல் வாங்கினால் முதல் வகுப்பு, அதாவது உச்சம். 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு. பெரும்பாலான வேலைகளுக்கும் மேற்படிப்புக்கும் கேட்கும் தகுதி இதுதான். 50 முதல் 59 வரை கீழ் இரண்டாம் வகுப்பு, 40க்கு மேல் மூன்றாம் வகுப்பு. முதுகலையில் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். பன்னிரண்டாம் வகுப்பில் 95 விழுக்காடு வாங்கியவர், கல்லூரியில் எண்பதுக்குக் கீழே இறங்காதவர், முதல் கட்டுரைக்கு 62 வந்ததும் இடிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். 62 நல்ல மதிப்பெண். நம் திருத்தும் முறை நூறில் தொடங்கித் தவறுக்குக் குறைத்துக்கொண்டே வரும். அங்கே கட்டுரை எழுதும் பாடங்களில் கீழிருந்து ஏற வேண்டும்: பாடத்தில் சொன்னதைச் சரியாக எழுதினால் ஐம்பதுகள், அதை ஒழுங்காக வாதிட்டால் அறுபதுகள், ஆசிரியர் யோசிக்காத ஒன்றை ஆதாரத்தோடு சொன்னால் எழுபது. எண்பதைப் பார்ப்பது அரிது. கணிதம், கணினி போன்ற துறைகளில் விடை சரி அல்லது தவறு என்பதால் தொண்ணூறும் வரும். ஆனால் வினாக்கள் மாதிரித் தாளிலிருந்து வராது. நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதுபவர் எங்கே நிற்பார் என்பது இப்போது புரிந்திருக்கும். புத்தகத்திலிருந்து வரி வரியாக எடுத்து எழுதினால் மதிப்பெண் குறைவதோடு நிற்காது. அது கருத்துத் திருட்டு என்று விசாரணைக்குப் போகும். மென்பொருள் கண்டுபிடித்துவிடும். மேற்கோள் காட்டும் முறையை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வது பின்னால் வரும் பல இரவுகளின் தூக்கத்தைக் காப்பாற்றும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் தகுதிப்புள்ளி உண்டு. ஆண்டுக்கு 120, மூன்றாண்டில் 360. ஓராண்டு முதுகலைக்கு 180. ஒரு புள்ளிக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. அப்படியானால் முதுகலைக்கு 1,800 மணி நேரம். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பு இருந்தால் இரு பருவங்களில் ஏறத்தாழ 240 மணி. மீதி ஆயிரத்து ஐநூற்றுச் சொச்சம் நீங்களே நூலகத்திலோ ஆய்வகத்திலோ கழிக்க வேண்டியது. "வகுப்பே இல்லை, இதற்கா இவ்வளவு பணம்?" என்று வீட்டுக்குப் போன் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள். பெரிய அரங்கில் விரிவுரை, பிறகு பதினைந்து இருபது பேர் மட்டும் உட்கார்ந்து விவாதிக்கும் செமினார். செமினாரில் வாயே திறக்காமல் இருக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் வந்ததன் பாதிப் பயன் அங்கேதான் இருக்கிறது. பேராசிரியரை முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நம்மவர்களுக்கு நாக்கு எழாது. 'சார்' என்று தொடங்கிப் பாதியில் விழுங்குவார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகிவிடும். ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஆலோசக ஆசிரியர் இருப்பார். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் கெடு முடியும் முன் அவரிடமோ துறை அலுவலகத்திலோ சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் மிகக் கஷ்டம்.

இனிப் பணம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் அரசு நிறுவனங்கள் அல்ல. சட்டப்படி தன்னாட்சி உள்ள அறக்கட்டளைகள். உள்நாட்டு இளங்கலை மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு மட்டும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1998இல் 1,000 பவுண்டாகத் தொடங்கி, 2006இல் 3,000, 2012இல் 9,000, 2017இல் 9,250 என்று ஏறி, பல ஆண்டு அங்கேயே நின்று, 2025இல் 9,535 ஆனது. விலைவாசி ஏறிய வேகத்துக்கு இது ஈடாகவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பே கிடையாது. 1980 முதல் முழுச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்பது கொள்கை. இப்போது செலவுக்கு மேலேயே வாங்குகிறார்கள். பல படிப்புகளில் உள்நாட்டு மாணவர் கட்டுவதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. உள்நாட்டு மாணவரால் வரும் நட்டத்தையும் ஆய்வுக்கு ஆகும் செலவின் ஒரு பகுதியையும் ஈடு கட்டுவது நீங்கள் கட்டும் பணம். இதில் ஒளிவுமறைவு இல்லை. நாடாளுமன்றத்திலேயே பேசுகிறார்கள்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, உங்களை அழைத்துவர அவர்கள் செலவு செய்யத் தயார். சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் 'இலவச ஆலோசனை' தரும் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகங்கள்தாம். எல்லா ஏஜென்டுகளும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. விண்ணப்ப வேலையில் உண்மையாகவே உதவுபவர்கள் உண்டு. ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் சொல்கிறார் என்பதில் அவர் வருமானமும் கலந்திருக்கிறது. முதுகலைக்குப் பெரும்பாலும் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு 'யூகாஸ்' என்ற பொது அமைப்பு. ஐந்து இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஜனவரி நடுவில் கெடு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் 15.

இரண்டாவது விளைவு, அரசியல் காற்று மாறினால் பல்கலைக்கழகமே ஆட்டம் காண்கிறது. வகுப்பறைவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதை 2024 ஜனவரி முதல் தடை செய்தார்கள். விண்ணப்பங்கள் குறைந்தன. நாடெங்கும் பணிநீக்கங்கள், மூடப்படும் துறைகள். வெளிநாட்டு மாணவர்களை அதிகம் நம்பியிருந்த இடங்களில் அடி பலமாக விழுந்தது. சேர நினைக்கும் படிப்பு அடுத்த ஆண்டும் நடக்குமா, விருப்பப் பாடங்கள் எத்தனை குறைந்திருக்கின்றன என்று துறைக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் தவறில்லை.

விசாவுக்கு முதலாண்டுக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் வங்கியில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே மாதத்துக்கு 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதம். 2025 நவம்பர் முதல் இந்தக் கணக்கு. அரசு மருத்துவச் சேவைக்கான நலவாழ்வுக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போய் இறங்கியதும் வாடகைக்கு வேலை தேடி அலைவார்கள். பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அந்தச் சம்பளத்தில் கட்டணத்தையும் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படிப்பு முடிந்து வேலை தேடத் தங்கும் விசா 2021இல் வந்தது. இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்று. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு 18 மாதமாகக் குறைகிறது. அதற்குள் வேலை விசாவுக்கு மாற வேண்டுமானால் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கு 33,400. இது 2025 ஜூலை முதல் உள்ள நிலை, அடிக்கடி மாறுவது. இந்தியாவுக்குத் திரும்புபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2022இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி ஓராண்டு முதுகலைக்கு அங்கீகாரம் உண்டு. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அந்த ஒப்பந்தத்தில் வரவில்லை.

கடைசியாக, எங்கே இருப்பது. வாரிக் வளாகம் தனி ஊர். விடுதி, கடை, நாடக அரங்கு, ஏரி, ஏரியைச் சுற்றி வாத்துகளும் கூட்டம் கூட்டமாகப் பெருவாத்துகளும். வளாகத்தை விட்டு வெளியே போகாமலேயே ஒரு பருவத்தைக் கழித்துவிடலாம். மாணவர்களே அதைக் 'குமிழி' என்பார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டும்போது அந்தக் குமிழி சிலருக்கு மூச்சு முட்டும். கவென்ட்ரி பல்கலைக்கழகத்துக்கு மதில் கிடையாது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் பேராலயச் சிதிலம், சந்தை, பேருந்து நிறுத்தம், ஊர்க்காரர்கள். பகுதி நேர வேலை தேட நகர மையம் வசதி. லண்டன் யூஸ்டனுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பர்மிங்ஹாம் விமான நிலையம் பக்கம்; இந்த வசதி இருவருக்கும் பொது.

வாரிக்கில் முதலாண்டு முடிந்ததும் இளங்கலை மாணவர்களில் பெரும்பாலானோர் லெமிங்டன் ஸ்பா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்துப் பேருந்தில் வந்து போவார்கள். அடுத்த ஆண்டுக்கான வீட்டு வேட்டை முதல் பருவத்திலேயே தொடங்கிவிடும். கூட்டாகக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ஒருவர் வாடகை கட்டாமல் போனால் மற்றவர்கள் தலையில் விழும். பிரிட்டனில் வசிக்கும் ஒருவரை ஜாமீன் கேட்பார்கள். உறவினர் யாரும் இல்லாதவர்களுக்கு அந்த வேலையைக் கட்டணம் வாங்கிச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. முன்பணம் பெரும்பாலும் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வரி இல்லை; அதற்கான சான்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கி மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டை நேரில் பார்க்காமல், விமானம் ஏறும் முன்பே யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போலி வாடகை விளம்பரங்கள் நிறைய வரும். முதல் ஆண்டு மட்டுமாவது விடுதிக்கே விண்ணப்பியுங்கள், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும்.